இரண்டு வேலைக் கடிதங்கள்



போன ஞாயிறு பழைய மாணவன் ஒருவன் மகனோடு வந்தான். கேட்டரிங் முடித்த பையன். கையில் இரண்டு வேலைக் கடிதம். சென்னை நட்சத்திர ஓட்டலில் மாதம் 16 ஆயிரம். மாலத்தீவு ரிசார்ட்டில் அடிப்படைச் சம்பளம் 300 டாலர். "எது சார் நல்லது?"

சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. பன்னிரண்டு வருடம் முன்பு இதே திண்ணையில் இன்னொருவனுக்குத் தப்பாகச் சொன்னவன் நான். அவன் பரோட்டா மாஸ்டர். தினக்கூலி, பேட்டா, சாப்பாடு, படுக்க இடம். "படிச்சுட்டுப் பெரிய ஓட்டலுக்குப் போடா" என்று டிப்ளமோவுக்கு அனுப்பினேன். அங்கே சமையலறையின் கடைசிப் படியில் நிறுத்தினார்கள். அந்தப் பதவியைக் 'கம்மி' என்கிறார்கள், பெயர்ப் பொருத்தம் பாருங்கள்! கல்லடியில் வாங்கியதில் பாதிதான் சம்பளம். மாஸ்டர் ஒருநாள் வராவிட்டால் ராத்திரி வியாபாரமே படுத்துவிடும், அதற்காக முதலாளி கொடுக்கிறார். கம்மி போனால் அடுத்த பையன் கல்லூரியிலிருந்து வந்து நிற்பான். கட்டடத்தின் உயரத்தைப் பார்த்துச் சம்பளத்தைக் கணக்குப் போட்டுவிட்டேன். அவனும் இதைப் படிப்பான். மன்னித்துவிடு தம்பி.

அதனால் இந்த முறை மாலத்தீவில் இருக்கும் நம் மாணவனுக்குப் போன் போட்டேன். "சார், 300-ஐ மட்டும் பார்க்காதீங்க" என்றான். அங்கே பில்லில் குறைந்தது 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சட்டப்படி உண்டு; அது ஊழியர்களுக்குப் பங்காகப் போகிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அறைகள் நிரம்பும்போது பங்கு ஏறும், மழை மாதங்களில் இறங்கும். வாடகை அதிகமுள்ள ரிசார்ட் என்றால் பங்கும் கனமாம். நம் நாட்டில் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது; 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. சாப்பிடப் போகிற எனக்கு அது நிம்மதி. அதில் பங்கு வாங்கிய சர்வர் என்ன செய்வான் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

போன வருடம் மாதாமாதம் எவ்வளவு பங்கு வந்தது என்று அந்த ரிசார்ட்டில் கேட்டு வாங்கச் சொன்னேன். பையன் போனில் குறித்துக்கொண்டான். அவன் அம்மாவுக்குக் கடல் தாண்டுவதில் சம்மதமில்லையாம். ஏஜெண்ட் வேறு வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறானாம். மாலத்தீவில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது அதற்குள் என்னைக் கூப்பிடுங்கள்.