ஒத்த ஓசையும் உற்ற உறவும்

பெங்களூருக்கு மாற்றலாகி வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு, மாலை வேளைகளில் மொழி நூல்களைப் புரட்டுவதே இளைப்பாறுதல். அவ்வாறு புரட்டியபோது, பசிபிக் பெருங்கடலின் பொலினீசியத் தீவுகளில் வழங்கும் 'தபு' என்னும் சொல் கண்ணிற்பட்டது. (இத்தீவுச் சொற்களில் வல்லெழுத்துகளை எங்கும் வல்லோசையாகவே படிக்க.) விலக்கப்பட்டது என்பது அதன் பொருள். 1777-இல் டோங்கா தீவுகளில் கேப்டன் குக் அதைக் கேட்டறிந்து எழுத, ஆங்கிலத்தில் அது 'டபூ' ஆயிற்று. நம் 'தப்பு' அன்றோ இது! உள்ளம் துள்ளியது. கடல் கடந்த தமிழின் பெருமையைப் பறைசாற்றி இரண்டே இரவுகளில் ஒரு கட்டுரை எழுதி, இம்மலருக்கு அனுப்பியும் விட்டோம்.

மறுநாள் அதனைப் பத்தாம் வகுப்பில் பயிலும் மகளிடம் பெருமிதத்தோடு படித்துக் காட்டினோம். அவளோ நூலிலிருந்த சொற்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஹவாயில் இது 'கபு' என்று போட்டிருக்கிறதே?"

"திரிந்திருக்கும், அம்மா."

"இந்தச் சொல் மட்டுமா, எல்லாச் சொல்லுமா? நம் பால் இங்கே ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. கன்னடத்தில் எல்லாம் ஒரே மாதிரி மாறுகிறதே!"

நம்மிடம் விடையில்லை. நூலை முதலிலிருந்து மீண்டும் படித்தோம்.

டோங்கா மொழியில் மூன்று 'தொலு'. ஹவாய் மொழியில் 'கொலு'. ஏழு அங்கே 'ஃபிது', இங்கே 'ஹிகு'. ஒரே சொல்லுக்குள் இரண்டு மாற்றங்களும் முறை பிறழாமல் நிகழ்ந்திருத்தல் காண்க. அவ்வாறாயின் ஹவாயின் பழைய ககரம் என்னவாயிற்று? டோங்காவில் மீன் 'இகா', ஹவாயில் 'இஆ'. ககரம் தொண்டையை அடைத்துத் திறக்கும் ஓசையாகிவிட, காலியான அவ்விடத்தில் தகரம் வந்தமர்ந்தது. நம் அலுவலக மாற்றல் ஆணைகளைப் போலவே! நிஹாவு என்னும் சிறு தீவில் மட்டும் பழைய தகரம் இன்றும் ஒலிக்கிறது.

இம்மொழிகளைக் கிளைகளாகப் பிரிக்கும் முறை நமக்கு இன்னும் எளிதாக விளங்கிற்று. தட்டச்சுப் பிரதிகள் இரண்டில் ஒரே பிழை காணப்பட்டால், இரண்டும் ஒரே பிரதியைப் பார்த்து அடிக்கப்பட்டவை என்பதை எழுத்தர் எவரும் அறிவர். மொழிகளிலும் அப்படியே, பொதுவாகக் காத்த பழமையன்று, பொதுவாக நேர்ந்த புது மாற்றமே நெருக்கத்தைக் காட்டும். இரண்டு என்னும் எண் மாவோரியில் 'ருஆ', சமோவாவிலும் ஹவாயிலும் 'லுஆ'. டோங்காவிலும் நியுவேயிலும் மட்டும் முதல் மெய் மறைந்து 'உஆ' ஆகிவிட்டது. அவ்விரண்டும் ஒரு கிளை. பெயரைக் குறிக்கும் டோங்காச் சொல் 'ஹிஙோஆ'. மாவோரியில் அது 'இஙோஆ', ஹவாயில் 'இனோஆ'. இவ்வாறு ஹகரத்தை இழந்தவை மற்றொரு கிளை.

இந்த அளவுகோலை நம் கட்டுரையின்மீது வைத்துப் பார்த்தோம். கண்ணுக்கு 'மதா', மீனுக்கு 'இகா', மூன்றுக்குத் 'தொலு'. எங்கும் தமிழோடு ஓர் ஒழுங்கு கிட்டவில்லை. தப்பும் தபுவும் வழியில் எதிர்ப்பட்ட ஒரே சாயலுடைய அயலார், அவ்வளவே. சாயல் மாறிய ஹாலுவோ நம் வீட்டுப் பிள்ளை.

மகள் அண்டை வீட்டாரோடு கன்னடம் பேசும்போதெல்லாம், தமிழ் கெட்டுவிடும் என்று கடிந்தவர் நாமே. தமிழின் பெயரால் நாம் செய்யவிருந்த பிழையை அந்தக் கன்னடமே தடுத்தது. அடுத்த ஞாயிறன்று மலர்க் குழுவினரிடம் சென்று, வெட்கத்தோடு கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். அதற்கு ஈடாக எழுதியது இது. அச்சுக்குக் கொடுக்குமுன் மகளிடம் காட்டினோம். ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்தாள்.