அம்பலத்துக் குடமும் அலைக் கோபுரமும்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலராசிரியர் பணித்தபோது, என் ஊராகிய கடுகண்ணாவையில், பழைய கண்டி வீதியோரத்தில் நிற்கும் அம்பலமே என் நினைவில் எழுந்தது. கணவாய் ஏறிக் களைத்து வந்த வழிப்போக்கர் இளைப்பாறிய இடம் அது. அத்தகைய அம்பலங்களில் தண்ணீர்க் குடம் வைப்பது முன்னோர் கண்ட அறம்.

கல்லூரியை விட்டுத் தொடர்பாடற் பொறியியல் பயின்ற யானும் குடம் வைக்கும் தொழிலையே மேற்கொண்டேன். ஒரே காட்சியைப் பலர் கைத்தொலைபேசியிற் கேட்கும்போது, அதனை ஒவ்வொரு முறையும் தொலைவிலுள்ள களஞ்சியத்திலிருந்து கொணர்தல் வீண்சுமை. அதன் பிரதியை அலைக் கோபுரத்தின் அருகிலேயே வைத்தலை இடைச்சேமிப்பு என்போம். சிறு நிலையங்களில் இவ்வாறு சேமிக்கும் முறையை, 2012 ஆம் ஆண்டில், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கார்த்திகேயன் சண்முகம் உள்ளிட்ட ஆய்வாளர் எடுத்துரைத்தனர்.

ஆயின், குடமோ சிறிது. எதை வைப்பது, எதை அகற்றுவது? மிகவும் பிந்தித் தேவைப்படுவதையே அகற்றுக என்று கணினி நினைவகம் பற்றி 1966 இல் பெலாடி என்பார் எடுத்துரைத்தார். வருங்காலத்தை அறிந்தவர் யார்? ஆதலால், மக்கள் கேட்பவற்றை நோக்கி இயந்திரமே கற்றுக்கொள்ளும் முறை வந்தது.

2020 இல் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலம். யான் எழுதிய கற்றல் நிரலொன்றை என் மேசையிற் சோதித்துக்கொண்டிருந்தேன். கிரிக்கெட்டும் பாட்டும் சேமிப்பை நிறைத்தன. நாலைந்து பேர் கேட்ட தமிழ்ப் பாடம் முதலிலே நீங்கிற்று. கணக்குச் சரியென மகிழ்ந்தேன். அன்று மாலை, அலை தேடிப் பாறைமேல் ஏறி நின்ற தங்கை மகள், "மாமா, பாடம் நின்னு நின்னு வருது, எல்லாரும் முடிச்சிட்டாங்க, நான் மட்டும் இன்னும் முடிக்கல்ல" என்று தொலைபேசியில் அழுதாள். அவளுக்கு வேண்டியதையே என் நிரலும் அகற்றியிருந்தது! என் மகிழ்ச்சி நாணமாயிற்று.

2014 இல் பிளாஸ்கோ, குண்டூஸ் என்னும் இருவர் எழுதிய கட்டுரையை மீண்டும் எடுத்துப் படித்தேன். அவர்கள் ஆராய்ந்த நிலையம், தான் வைத்துள்ள பொருளுக்குரிய வேட்கையை மட்டுமே காணும். வைக்காததற்கு எத்தனை பேர் ஏங்கினர் என்பதை அறியாது. ஆகையால், நன்கறிந்தவற்றோடு அமையாது, அறியாதவற்றையும் இடையிடையே வைத்துப் பார்த்தல் வேண்டும். யானும் சேமிப்பில் ஒரு பங்கைச் சிலரே கேட்கும் பாடங்களுக்கென ஒதுக்கினேன். நிரலின் வெற்றி விழுக்காடு சற்றே குறைந்தது. அக்குறையை மனமுவந்து ஏற்றேன்.

இத்துறையிற் புகவிருக்கும் மாணவ நண்பர்களே, அருந்தியவரை எண்ணுதல் இயந்திரத்திற்கு எளிது. குடம் வெறுமையாயிருக்கக் கண்டு தாகத்தோடு திரும்பியவரை எண்ணிப் பார்த்தல் நம் கடன்.