அம்மம்மாவின் வழுக்கையாறு

ரொறொன்ரோவுக்கு வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. ஸ்காபரோவில் ஒரு பழைய பில்டிங்கின் ஏழாம் மாடியில் குடியிருந்தோம். எலிவேற்றருக்குள் ஏறினால் யாரோ ஒருவர் வீட்டு மீன்குழம்பும், இன்னொருவர் வீட்டுச் சாம்பிராணியும், ஈரச் சப்பாத்துகளும் சேர்ந்து ஒரே வாசமாக அடிக்கும். பின்பக்கம் கார்கள் நிற்கும் வெளி, அதற்கப்பால் துருப்பிடித்த கம்பிவலை, அதையும் தாண்டினால் நிலம் சட்டென்று முடிந்துவிடும். எட்டிப் பார்த்தால் மரங்களின் உச்சிதான் தெரியும். அந்தப் பள்ளத்தின் அடியில் ஹைலண்ட் கிறீக் ஓடிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும், சொல்லுங்கள்? எங்கள் குடாநாட்டில் கிணறு உண்டு, குளம் உண்டு, வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரிக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் விழும் வழுக்கையாறு ஒன்றுதான். அம்மம்மா அதன் கரையோரம் சண்டிலிப்பாயில் பிறந்தவ. கீழே தண்ணீர் ஓடுது என்று நான் மூச்சிரைக்க வந்து சொன்னபோது, அவ வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டா: "எடி பிள்ளை, அது ஆறோ, வெள்ளவாய்க்காலோ?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது யோசித்தால், அது இரண்டுமாகத்தான் இருந்தது. மேலே சுற்றுவட்டாரம் முழுக்கத் தெருவும் கூரையும் கார் நிறுத்துமிடமும். மழைக்கு ஊறி இறங்க மண் கிடைக்காது. குழாய்க்குள் பாய்ந்து எல்லாம் ஒரேயடியாக ஆற்றுக்குள் வந்து விழும். காலையில் கணுக்காலளவு கிடந்த தண்ணீர் பின்னேரம் கலங்கிச் சீறும். கரை அரிபடாமலிருக்கக் கம்பிக்கூடுகளுக்குள் கல்லை நிரப்பி அடுக்கியிருந்தார்கள், சில இடங்களில் சீமெந்தும் பூசியிருந்தார்கள். நடுவில் ஒரு ஷொப்பிங் கார்ட் தலைகீழாகக் கிடந்தது, அதன் சில்லில் புல் முளைத்திருந்தது. பனி கரையும் நாட்களில் தெருவுக்குப் போட்ட உப்பும் சேறும் உக்கிய இலையும் கலந்த ஒரு மணம் மூக்கில் ஏறும். எனக்கு அந்த மணம் பிடிக்கும்.

இறங்குவதற்கு முறையான வழி இல்லை. கம்பிவலையில் ஒரு கிழிசல், பிறகு மரவேர்களே படி. கடைசி இறக்கத்துக்கு ஒரு காட்போர்ட் மட்டையை வைத்து அதில் இருந்து சறுக்குவேன். அம்மாவுக்குத் தெரிந்தால் முதுகு பிஞ்சுபோகும் என்ற பயத்தில் கால்சட்டையின் சேற்றைக் குளியலறையில் களவாகக் கழுவுவேன். அம்மம்மாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவவின் வாயை அடைக்க ஒவ்வொரு முறையும் ஏதாவது கொண்டுபோவேன்: ஒரு கல், ஒரு இறகு, ஒரு இலை. ஒருநாள் கொண்டுபோன இலையை விரல்களுக்கிடையில் கசக்கி மணந்தவ அப்படியே நின்றுவிட்டா. "உள்ளி மணக்குதடி! வறை வறுக்கலாம் போலை கிடக்கு." ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் சமையலுக்கென்று கொண்டுவந்த செடி அது, இங்கத்தைய வசந்தகாலச் செடிகளை நெரித்துவிடும் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் முழங்காலில் இருந்து அதைப் பிடுங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. பிடுங்கத்தான் வேண்டும். ஆனாலும் இரவுவரைக்கும் கையில் நிற்கும் அந்த உள்ளி மணத்தை எனக்குக் கழுவ மனம் வருவதில்லை.

ஒரு ஒக்டோபரில், பள்ளிக்கூடம் விட்டு வந்து இறங்கினால், ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிறமாதிரி ஒரு சத்தம். என் கை நீளத்துக்கு ஒரு மீன் சீமெந்துத் திட்டில் பாய்ந்து மோதி விழுந்தது, திரும்பவும் பாய்ந்தது. ஏரியிலிருந்து முட்டையிட ஏறிவரும் சினூக் சால்மன். நான் ஏழு மாடிக்கும் எலிவேற்றரைக்கூடப் பார்க்காமல் ஓடினேன். அம்மம்மா சேலைக்கு மேல் மாமாவின் பெரிய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு கம்பிவலைவரைக்கும் வந்தா. ஒரு காலைக் கீழே வைத்தா, மண் உதிர்ந்தது. அப்படியே குந்திவிட்டா.

"இதுவும் வழுக்கையாறுதான் பிள்ளை. என்னாலை ஏலாது. நீ போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு."

போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். "சினை மீனோ?" என்றா. ஓம் என்றேன். "அப்ப கல்லெறியாதேங்கோ, என்ன?"

அம்மம்மா அந்த ஆற்றைக் கடைசிவரை காணவில்லை.

1954இல் ஹேஸல் புயல் வெள்ளத்தில் 81 பேர் செத்த பிறகுதான் இந்தப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டக்கூடாது என்றாக்கினார்கள். அதனால்தான் எனக்கு அந்தக் காடு கிடைத்தது. 2005 ஓகஸ்டில் ஒரு பின்னேர மழை கரைகளைப் பிய்த்து, ஆற்றோரம் போன பெரிய கழிவுக்குழாயையும் உடைத்தது. அதற்குப் பிறகு சிதைந்த இடங்களில் ஆற்றுக்கு அதன் வளைவைத் திருப்பிக் கொடுத்து, பாறைகளைப் படிபடியாக வைத்து, மீன் இளைப்பாறி ஏற இடையிடையே மடுக்களும் விட்டார்கள். பச்சை வில்லோத் தடிகளைக் கரையில் குத்திவிட்டார்கள். அவை வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டன. 2019இல் யூனிவர்சிற்றிப் பக்கமிருந்து 500 மீற்றர் நீளத்துக்கு ஒரு பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியும் போகக்கூடிய மெல்லிய சரிவு, வளைந்து வளைந்து இறங்கும்.

போன ஒக்டோபரில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து அந்தப் பாதையால் தள்ளிக்கொண்டு போனேன். மடியில் போத்தல் தேத்தண்ணி, கைக்குள் பனங்கட்டித் துண்டு. கீழே போய்ப் பிரேக்கைப் போட்டபோது அந்தச் சத்தம் கேட்டது. அம்மா கொஞ்சநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தா.

"அந்தக் கம்பிவலைக்குள்ளாலை நீ பூந்து போறதைப் பல்கனியிலை நிண்டு பாத்தனான். மறிக்க வேண்டாமெண்டு கொம்மம்மாதான் சொன்னவ."

நான் பனங்கட்டியை உடைத்து அவவுக்குப் பாதி கொடுத்தேன். மீன் பாறையைத் தவறவிட்டு மடுவுக்குள் விழுந்து, திரும்பவும் பாய்ந்தது.