வீடும் சீமையும்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது தமிழரின் பழமொழி. ‘கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்’ என்பதும் அவர்தம் பழமொழியே. முன்னது வீட்டைப் பற்றியது. பின்னது ஊரைப் பற்றியது. சிறியதேனும் தனக்கென ஒரு கூரை வேண்டும் என்கிறது ஒன்று. கூரை எத்துணைச் சிறந்ததாயினும் ஊர் சரியில்லையேல் அங்கு வாழ்வதாற் பயனில்லை என்கிறது மற்றது. இரண்டையும் ஒருங்கே பெற்றவர்க்கு இவற்றிடையே முரண்பாடு தோன்றுவதில்லை. ஒன்றைப் பெற மற்றொன்றை இழந்தே தீரவேண்டும் என்ற நிலையிலுள்ள குடும்பத்துக்கோ இது வாழ்க்கைப் பிரச்சினையாகிவிடுகிறது. ஊவாவின் தோட்டங்களில், குறிப்பாக மடுல்சீமை மலைகளில், இப்பிரச்சினை இன்று வீட்டுக்கு வீடு பேசப்படுகின்றது.

பதுளையிலிருந்து பசறைக்குச் சென்று, அங்கிருந்து வளைந்து வளைந்து மேலேறும் வீதியிற் பயணஞ் செய்தால் மடுல்சீமையை அடையலாம். ஆங்கிலேயர் முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்ட மலைப்பகுதி இது. ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைக் கொடுக்கின்றது. அம்மணத்தை உண்டாக்கும் கைகளுக்கு உரியவர்கள் வாழ்வதோ லயங்களில். ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, அதன் மூலையில் அடுப்பு. இதற்குள் மூன்று தலைமுறையினர் உறங்கி எழுவது புதுமையன்று. பக்கத்துக் காம்பராவின் இருமலும் சண்டையும் தாலாட்டும் சுவரைக் கடந்து வருவன. இவ்வளவு காலம் வாழ்ந்தும் அது அவர்களுக்குச் சொந்தமானதன்று. தோட்டத்தில் வேலை உள்ளவரையே லயத்தில் இடம் என்பதே நெடுங்கால வழக்கம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நிர்வாகம் இருமுறை மாறியும் இவ்வழக்கம் பெரிதும் மாறவில்லை.

ஆதலின் ‘ஏழு பேர்ச்சஸ்’ என்னும் சொற்றொடர் மலையகத்தாரின் செவிகளில் தனியொரு இனிமையோடு ஒலிப்பதில் வியப்பில்லை. ஏழு பேர்ச்சஸ் காணி, அதற்கு உறுதி, அதன்மேல் ஏறத்தாழ 550 சதுர அடி கொண்ட தனி வீடு என்பன அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களின் உள்ளடக்கம். இந்திய உதவியுடன் தோட்டப் பகுதிகளில் 4,000 வீடுகள் அமைக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது; மேலும் 10,000 வீடுகள் அமைக்கப்படும் என 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். தேவையின் பருமனோடு ஒப்பிடுகையில் இவை சிறிய எண்களே. எனினும், பெயர் சொல்லிக் கடிதம் வரக்கூடிய ஒரு வாசலைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திராதவர்களுக்கு அது சிறிய செய்தியன்று.

இவ்விடத்திலேதான் சிக்கல் தொடங்குகிறது. புதிய வீடு எழும்பும் இடம் பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே அமைகின்றது. பிரதான வீதி தொலைவு, பேருந்து அரிது, அருகிலுள்ள பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இராது. மறுபுறம், பசறையிலோ பதுளையிலோ வாடகைக்கு ஓர் அறை எடுத்தால் பாடசாலையும் வைத்தியசாலையும் நடைதூரத்தில் இருக்கும். ஆயின் அந்த அறை ஒருபோதும் சொந்தமாகாது. முன்னதில் வீடு நல்லது; பின்னதில் இடம் நல்லது.

மடுல்சீமையின் மேற்பிரிவொன்றிலுள்ள ஒரு குடும்பத்தை மனக்கண்ணிற் கொண்டு பார்க்கலாம். வீடமைப்புப் பட்டியலில் அதன் பெயர் வந்துள்ளது. ஓய்வு பெற்ற முதியவளின் சேமலாப நிதிப் பணம் கையில் இருக்கின்றது. அதனைப் புதிய வீட்டின் மிச்ச வேலைகளுக்குச் செலவிடுவதா, சாதாரணதரப் பரீட்சையிற் சித்தியெய்திய பேத்தியைப் பதுளையில் வைத்துப் படிப்பிப்பதற்குச் செலவிடுவதா என்பதே வழக்கு.

“எங்க ஆத்தாளும் லயத்துல செத்தா. நான் சொந்த மண்ணுல ஒரு ராத்திரியாவது படுக்கணும்” என்கிறாள் முதியவள்.

“மண்ணு எங்கயும் போயிடாது மாமி, புள்ளைக்கு வயசு நிக்காதே” என்கிறாள் மருமகள்.

இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. முதியவள் கேட்பது சென்ற காலத்துக்கான ஈடு. மருமகள் கேட்பது வருங்காலத்துக்கான வழி. இத்தகைய வழக்குக்குத் தோட்டங்களில் வழங்கப்படும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே. இரண்டையும் பெறும் பொருட்டுக் குடும்பம் தன்னையே பிரித்துக்கொள்கிறது. தகப்பன் காணியைக் காத்துக்கொண்டு தோட்டத்தில் நிற்கிறான். தாய் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ பிறர் வீட்டு வேலைக்குப் போகிறாள். பிள்ளை பதுளையில் உறவினர் வீட்டு மூலையில் இருந்து படிக்கிறது. ஒரு குடும்பம் மூன்று அடுப்புகளாகிறது. வீடும் கிடைக்கிறது, நல்ல இடமும் கிடைக்கிறது. அவற்றில் ஒன்றுகூடி வாழவேண்டிய குடும்பமே இல்லாமற் போகிறது.

இடத்தின் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. 1994 முதல் 1998 வரை அங்கு ஐந்து நகரங்களில் வறிய குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்கள் ஒரு பரிசோதனையிற் சேர்க்கப்பட்டன. திருவுளச்சீட்டு முறையில் தெரிவான ஒரு பகுதியினருக்கு, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர்வதற்கான வாடகை உதவி வழங்கப்பட்டது. அவ்வாறு சென்ற பெற்றோரின் வருமானம் குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை. ஆனால் 13 வயதுக்கு முன்னர் இடம் மாறிய பிள்ளைகள் வளர்ந்தபின், மாறாதோரைவிட ஏறத்தாழ 31 வீதம் கூடுதலாக உழைத்தனர் என்பது பின்னைய ஆய்வுகளிற் புலப்பட்டது. பதின்ம வயதிற் சென்றவர்களுக்கு அப்பயன் கிட்டவில்லை. வயது நிற்காது என்ற மருமகளின் வாதம் வெறும் தாய்மனப் பதைப்பன்று என்பது இதனால் தெளிவாகும். ஆயின் அங்கு குடிபெயர்வதற்கு வாடகை உதவி கிடைத்தது. மடுல்சீமையிலிருந்து இறங்குவோருக்கோ அத்தகைய துணை எதுவுமில்லை.

மலையில் நிற்பதன் விலை சிலவேளை உயிராகவும் அமைவதுண்டு. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அவ்விடம் அபாயமானதென 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் அகலவில்லை என்று கேட்பது எளிது. குடியிருப்பு வேலையோடு பிணைக்கப்பட்டிருக்கையில், வெறும் எச்சரிக்கை வேறோர் இடமாகிவிடாது. தப்பியவர்கள் தற்காலிக இருப்பிடங்களில் ஏறத்தாழ ஈராண்டுகளைக் கழித்த பின்னரே புதிய வீடுகளைக் கண்டனர். தோட்டத்தை விட்டு நெடுந்தொலைவு சென்றோரின் கதையும் இனிதன்று. 1977 வன்செயலின் பின்னர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காணி தேடிக் குடியேறிய மலையகக் குடும்பங்களைப் பின்வந்த போர் மீண்டும் வேரோடு பிடுங்கியது.

எனவே, வீடா இடமா என்ற வினா குடும்பத்தின் அறியாமையாலோ ஆசையாலோ பிறந்ததன்று. நல்ல இடம் என்பது மலையிலும் மண்ணிலும் இயல்பாக விளைவதன்று; வீதி, பாடசாலை, மருந்தகம், குடிநீர், தபால் ஆகியவற்றால் ஆக்கப்படுவது. இலங்கையின் கிராமங்களில் இவற்றுட் சிலவற்றைச் செய்யும் பொறுப்பு பிரதேச சபைகளுக்கு உரியது. ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்கு அச்சபைகள் பணிபுரிவதைக் கட்டுப்படுத்தியிருந்தது. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, வாக்களித்த மக்களின் வாசலுக்குச் சபையின் வீதி வர இயலவில்லை. தோட்டம் வேலைத்தலமாகவே கணிக்கப்பட்டது, ஊராகக் கணிக்கப்படவில்லை. இக்குறையை ஏழு பேர்ச்சஸ் மட்டும் நிரப்பமாட்டாது.

எல்லையைக் குறிக்கும் ‘சீமா’ என்ற வடசொல்லே தமிழிற் ‘சீமை’யாகி நாடு என்ற பொருளையும் ஏற்றது. மடுல்சீமை மக்களுக்கு அச்சொல்லின் முதற்பொருள் மட்டுமே இதுவரை வாய்த்தது; அவர்கள் வாழ்ந்தது தோட்டத்து எல்லைக்குள். புதிய வீடுகளின் வரிசைக்கு வீதியும் பேருந்தும் விஞ்ஞான ஆசிரியரும் வந்து சேரும்போதே இரண்டாம் பொருளும் அவர்களுக்குக் கிட்டும். அன்று அந்த முதியவளும் மருமகளும் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே தத்தம் விருப்பத்தைப் பெறுவர். அதுவரை, அக்குடும்பம் எதைத் தெரிந்தாலும் அதனைக் குறைகூறும் உரிமை எவர்க்கும் இல்லை.