பூங்கா யாருக்குப் பொது?

காலை பத்து மணிக்குப் பூங்காவின் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். விடியற்காலையிலிருந்து உள்ளே சருகு பெருக்கிய அக்கா வெளியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். "உள்ள நிழல் இருக்கேக்கா, அங்கயே சாப்பிடலாமே" என்று கேட்டோம். "அது பெருக்குற எடம்பா, நாம குந்துற எடமில்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் பக்கத்துக் குடியிருப்பில் மாலைநேர வகுப்பு நடத்துகிறவர்கள். அதற்கு முந்தைய வாரம் பிள்ளைகளை அதே பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தோம். ஊஞ்சலை நெருங்குவதற்குள் ஒருவர் வந்து, "ஹவுசிங் போர்டு பசங்களா?" என்று கேட்டார். நகரத்தில் சாதியை நேராகக் கேட்பதில்லை, ஏரியாவைக் கேட்டால் போதும். நலச்சங்கம் பராமரிக்கும் பூங்கா, சத்தம் போடக் கூடாது என்றார். சண்டை போடாமல் திரும்பிவிட்டோம். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, மக்கள் கூடும் இடம் எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு. ஆனால் எழுதி வைத்தால் மட்டும் கதவு திறந்துவிடாது. மகத் நகராட்சி சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று 1924இல் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது.

இன்று பூங்கா என்றாலே 'மக்கள் பங்கேற்பு' என்கிறார்கள். நல்லதுதான், ஆனால் யார் அந்த மக்கள்? 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு பணம் தந்தால் மீதியை அரசு தருகிறது. பணம் கட்ட முடிகிற தெருவுக்கு மரமும் பெஞ்சும் வரும். தினக்கூலிக்குப் போகிறவர்களின் தெரு எதைக் கட்டும்? கூவம், அடையாறு கரைகளைச் சீரமைக்க அங்கிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பினார்கள். பிறந்த கரையில் காற்று வாங்க அவர்கள் இனி பஸ் ஏறி வர வேண்டும்.

2022இல் தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் வந்தன. எங்கள் பகுதி சபைக்குப் போய் மூன்று கோரிக்கைகள் வைத்தோம். பகலில் பூட்டக் கூடாது. குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். பூங்காவைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் தூய்மைப் பணியாளருக்கும் எங்கள் குடியிருப்புப் பெண்களுக்கும் இடம் வேண்டும். "பார்க்கலாம்" என்றார்கள். பதிவேட்டில் எழுதும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. எழுதினார்கள்.

கேட் இன்னும் பத்து மணிக்குத்தான் பூட்டப்படுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு மறுபடியும் போகிறோம். அக்காவையும் கூப்பிட்டிருக்கிறோம், பெருக்க அல்ல, உட்கார.

தோழர்களே, உங்கள் வார்டில் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று விசாரியுங்கள். தனியாகப் போகாதீர்கள். பூங்காவைப் பெருக்குகிறவர்களை முன்னால் உட்கார வையுங்கள்.