ஒப்புக்கொள்ளுதல்

‘அக்ரீ’ என்ற ஆங்கில வினைச்சொல்லைச் சுலபமானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பி.ஏ. வகுப்பில் அதற்குப் பின்னால் வரும் இடைச்சொற்களை மனப்பாடம் செய்ததோடு சரி. ஆளோடு என்றால் ‘வித்’, யோசனைக்கு என்றால் ‘டு’, விலை, தேதி என்றால் ‘ஆன்’. ‘ஐ ஆம் அக்ரீ’ என்று எழுதினால் சிவப்பு மை. அதன் வேர் பழைய பிரெஞ்சில் விருப்பத்தைக் குறித்த சொல், அதற்கும் பின்னால் லத்தீனில் மனதுக்கு உவந்தது என்ற அர்த்தம் என்பதெல்லாம் அகராதியைப் புரட்டித் தெரிந்துகொண்டது. பிறப்பிலாவது அந்தச் சொல்லில் பிரியம் இருந்திருக்கிறது.

தமிழில் அந்த இடத்துக்கு ஐந்தாறு சொற்கள்: இசை, இணங்கு, உடன்படு, சம்மதி, ஒப்புக்கொள். அலுவலகங்கள் பொறுக்கிக்கொண்டது கடைசிச் சொல்லை. இது தற்செயல் என்று எனக்குப் படவில்லை. வேலைக்கு ஒப்புக்கொண்டான், குற்றத்தை ஒப்புக்கொண்டான். நான்காம் வேற்றுமையில் சம்மதம், இரண்டாம் வேற்றுமையில் வாக்குமூலம். ஓர் உருபு மாறினால் ஆள் கூண்டில் நிற்கிறான்.

மேனாம்பேட்டிலிருந்து எங்கள் கிளைக்கு வருகிறவர்களில் பலர் 1964ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையை நம்பிப் பிழைப்பவர்கள். மருமகனின் லேத் பட்டறைக் கடனுக்கு ஜாமீன் நிற்க ஓர் அம்மாள் வந்திருந்தார். எழுதப்படிக்கத் தெரியாது. படிவத்தை நான் படித்துக்காட்டினேன். ‘மேற்கண்ட நிபந்தனைகளை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற வரி வந்ததும் நிமிர்ந்தார்.

“நான் இன்னா தப்பு பண்ணேன் தம்பி, ஒப்புக்கறதுக்கு?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இலக்கணப்படி அவர் கேட்டது சரி. ஆங்கிலப் படிவத்தில் நிபந்தனைகளுக்கு ‘அக்ரீ’ ஆகிறவர், தமிழ்ப் படிவத்தில் நிபந்தனைகளை ஒப்புக்கொள்கிறார். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஏற்றால்தான் சம்மதம் என்கிறது. மொழியைப் பற்றி இவ்வளவு கறாரான வாக்கியத்தை எந்த விமர்சகனும் எழுதி நான் படித்ததில்லை. அதே சட்டத்தின் 128ஆம் பிரிவில், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரரின் பொறுப்பு. தப்பே செய்யாமல் தண்டனைக்கு ஆளாகக்கூடிய ஏற்பாடு இது என்பதை அந்த அம்மாள் ஒரு வினைச்சொல்லிலிருந்தே பிடித்துவிட்டார்.

‘ஒப்பு’ என்றால் நிகர். கையொப்பத்தில் இருப்பது அதுதான். சிறுவர்கள் ஆட்டத்தில் சேர்க்காமல் சேர்த்துக்கொள்ளும் ஒப்புக்குச் சப்பாணியிலும் அதுதான். (கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாளெல்லாம் பார்க்கும் கையொப்பங்களில் இரண்டாவது வகையே அதிகம்.) கத்திரிக்காய் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபோது மட்டும் இரு மொழிகளும் ஒரே இடத்தில் நிற்கின்றன, ஆங்கிலத்திலும் அதற்கு ‘அக்ரீ’தான். வயிற்றிடம் யாரும் படிவம் நீட்டுவதில்லை.

நம் சிறுபத்திரிகைச் சண்டைகளிலும் இந்தச் சொல்லுக்குப் பங்கு உண்டு. ‘அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்’ என்று எழுதுகிறவன் தோற்றவனின் குரலில் எழுதுகிறான். அதனாலேயே பலர் எழுதுவதில்லை. ‘உடன்படுகிறேன்’ என்றால் பக்கத்தில் நின்றால் போதும். நன்னூல் சொல்லும் உடம்படுமெய் ஞாபகம் வருகிறது. அடுத்தடுத்து நிற்கமாட்டாத இரண்டு உயிர்களுக்கு நடுவே யகரமோ வகரமோ வந்து உட்காருகிறது. மணியும் அழகும் மணியழகாகிறபோது இரண்டு உயிர்களில் எதுவும் கெடுவதில்லை.

அந்த அம்மாளிடம் ‘சம்மதமா?’ என்று மாற்றிக் கேட்டேன். “சம்மதம்தான். மருமவனும் நம்ம புள்ள மாதிரிதானே” என்றார். அச்சடித்த படிவத்தில் அந்தச் சொல் இல்லை. கைநாட்டு வைத்தார். படித்துக்காட்டி விளக்கினேன் என்று அதன் கீழே நான் கையொப்பமிட்டேன்.