வெள்ளெருக்கு

"உன் வீட்டில் எருக்கு முளைக்க!" என்று வைவது நம் பக்கத்தில் பழைய சாபம். கூரை சரிந்து, மனிதர்கள் போன இடத்தில்தான் எருக்கு தானாக வந்து நிற்கும். ஆடு மாடு வாய் வைக்காது. தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டாம். ஆனால் அதே எருக்கு வெள்ளையாகப் பூத்துவிட்டால் சாபம் வரமாகிவிடுகிறது! நாற்றுப் பண்ணையில் காசு கொடுத்து வாங்கி வந்து, வாசலில் குழி தோண்டி, நாள் பார்த்து நடுகிறோம். தாவர சாஸ்திரிகளைக் கேட்டால், ஊதா எருக்கும் வெள்ளெருக்கும் ஒரே இனந்தான் என்பார்கள். நிறத்தின் மேல் நமக்குள்ள மோகம் செடியைக்கூட விடவில்லை.

எங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று இருக்கிறது. வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், இவ்வளவுதான். உபசாரம் செய்கிறேன் என்று தினம் குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகிவிடும். அலட்சியம் செய்தால் செழிக்கிற ஜாதி.

செடி வளர்ந்த பிறகுதான் அதற்கு எத்தனை கிராக்கி என்று தெரிந்தது. விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டப் பூ வேண்டும். ரதசப்தமியன்று தலையில் வைத்துக் குளிக்க ஏழு இலை வேண்டும். குழந்தைக்கு அரைஞாணாகக் கட்டவும், விளக்குக்குத் திரியாகப் போடவும் நார் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலே வேர். அதில் பிள்ளையார் செய்து பூஜையில் வைப்பார்கள். நிலைப்படியில் கட்டினால் ஏவல், கண்ணேறு எதுவும் அண்டாதென்று நம்பிக்கை. விருத்தாசலத்தை அடுத்த இராஜேந்திரப்பட்டினம் கோயிலில் தலமரமே வெள்ளெருக்குத்தான். திருஎருக்கத்தம்புலியூர் என்று ஊருக்குப் பழைய பெயர்.

இத்தனை மகிமையும் ஒரு நஞ்சுச் செடிக்கு! இலையைக் கிள்ளினால் வடிகிற பால் தோலில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும். கண்ணில் பட்டால் பல சமயம் வலியே இருக்காது. சற்றுப் பொறுத்துப் பார்வை மங்கும், கருவிழி வீங்கும். வலிக்கவில்லையே என்று சும்மா இருப்பதுதான் ஆபத்து. உடனே சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிவிட்டுக் கண் வைத்தியரிடம் ஓட வேண்டும். வயிற்றுக்குள் போனாலோ வாந்தி, பேதியோடு நிற்காது. அரளியைப் போலவே இதிலும் இதயத் துடிப்பைக் குலைக்கிற நஞ்சு உண்டு. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவோ இந்த இலையைச் சவுகரியமாகத் தின்று வளர்கிறது. தின்ற நஞ்சு உடம்பில் இருப்பதால் பறவைகள் அதன் பக்கம் போவதில்லை.

வேர் எடுப்பதற்கென்று எங்கள் தெருவுக்கு ஒரு பெரியவர் வருவார். மந்திரம் தெரிந்தவர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமையும் பூச நட்சத்திரமும் கூடுகிற நாளாகப் பார்த்து, விடியுமுன் குளித்துவிட்டு வந்து நிற்பார். செடிக்கு மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, மஞ்சள் நீர் ஊற்றி, சாபநிவர்த்தி சொல்வார். வடக்கே ஓடுகிற வேராகத் தேடி, இரும்பு படாமல் மரக்குச்சியால் மண்ணைக் கிளறுவார். வேலை முடிகிறவரை பேச்சுக் கிடையாது, வெற்றிலை கிடையாது, கை முகத்தருகே போகாது. குழந்தைகளை முதலிலேயே உள்ளே அனுப்பிவிடுவார். முடிந்ததும் கையைப் புளி போட்டுத் தேய்த்து, இரண்டு தரம் கழுவுவார். வேரை நிழலில் பல நாள் உலர்த்திய பிறகே அடுத்தவர் கையில் கொடுப்பார்.

எல்லாச் சடங்குக்கும் விஞ்ஞானம் கற்பிக்கிற வியாதி எனக்கு இல்லை. வடக்கே போகிற வேருக்கு என்ன விசேஷம் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் வாயை மூடு, கண்ணைத் தொடாதே, குழந்தையை விலக்கு, கையைக் கழுவு என்கிற நாலும் எந்த ரசாயன சாலையிலும் செல்லும். தெய்வத்துக்குப் பயந்து செய்தாரோ, பாலுக்குப் பயந்து செய்தாரோ, கை பத்திரமாக இருந்தது.

ஒரு தடவை அவர் வேரை உலர்த்திக் கொண்டிருந்தபோது அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இராது.

"தாத்தா, எனக்கும் ஒரு துண்டு குடுங்க."

"எதுக்குத் தாயி? வாசலுக்கா?"

அவள் என்னைப் பார்த்துத் தயங்கினாள். நான் உள்ளே போகிற பாவனையில் திண்ணைத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"அவரு தினம் குடிச்சிட்டு வராரு. பொடி பண்ணிச் சோத்துல கலந்து குடுத்தா நம்ம சொல் கேப்பாருன்னு சொல்றாங்க."

இடுமருந்து! பெரியவர் வேர்களை எல்லாம் மடியில் அள்ளிக் கட்டிக் கொண்டுவிட்டார்.

"வாசல்ல கட்டற வேர் வாய்க்குள்ள போகக் கூடாதம்மா. போச்சுன்னா உன் சொல்லைக் கேக்கறதுக்கு ஆள் இருக்க மாட்டான். குடிக்கு ஆஸ்பத்திரியில வைத்தியம் பண்றாங்க. அங்கே அழைச்சிட்டுப் போ."

அவள் அழுதாள். அவர் நெடுநேரம் பேசினார். கடைசியில், ஒரு சிறு துண்டை மஞ்சள் நூலில் கட்டி, அவள் வீட்டு நிலைப்படியில் தாமே எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தார். அதனால் அவள் கணவன் திருந்திவிடவில்லை. ஆனால் உயிரோடிருக்கிறான், இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தான். வசியத்தில் தொடங்கியிருந்தால் அவள் ஜெயிலிலும் அவன் சுடுகாட்டிலும் இருந்திருப்பார்கள்.

மந்திரவாதிகளில் இப்படி மறுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று நான் கணக்கெடுக்கவில்லை. காசுக்கு எதையும் பொடி பண்ணிக் கொடுக்கிற ஆசாமிகளும் ஊரில் உண்டு. மந்திரத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். பெரியவருடைய அந்த ஒரு விதிக்கு மட்டும் தருவேன். வெளியே கட்டுவது வேறு, உள்ளே கொடுப்பது வேறு.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1980களில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலைகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியபோது எருக்கம்பாலின் பெயரும் அடிபட்டது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. ஒரு வீட்டில் குழந்தையின் இடுப்பைக் காக்கிற நார். இன்னொரு வீட்டில் குழந்தையின் வாயில் விட்ட பால். செடி ஒன்றுதான்.

புறநானூற்றின் நூற்றாறாம் பாட்டில் கபிலர் எருக்கம்பூவை எடுத்துக் கொள்கிறார். அதைப் படைத்தாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை என்பது அவர் கட்சி. வாஸ்தவம். கடவுள் எதையும் ஏற்றுக் கொள்வார். மனிதனின் வயிறும் கண்ணும் அப்படி அல்ல. ஆகவே வெள்ளெருக்கு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வளருங்கள். குழந்தைகள் விளையாடுகிற இடத்தை விட்டுத் தள்ளி நடுங்கள். ரதசப்தமி இலையை முதல் நாளே பறித்துக் காம்பில் பால் வடியவிட்டு, கழுவி வைத்துக் கொள்ளுங்கள். தலையில் தண்ணீர் விடும்போது கண்ணை மூடிக் கொள்ளுங்கள். வேர் கேட்டு யாராவது வந்தால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.